கிள்ளானுக்கு ஒரு தொட்டில்

பிரிக்பீல்ட்ஸ்,
8 மார்ச் 1931

அக்கா அவர்களுக்குத் தம்பி சபாபதி வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும், மருமகள் சீதாலெட்சுமியும், பசுமாடும் எப்படி இருக்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதவும். போன முறை எல்லாரும் நலம் என்று மொத்தமாக எழுதியதில் மாட்டின் காய்ச்சல் என்ன ஆயிற்று என்று தெரியாமல் போய்விட்டது. நம் விஜயன் காலமாகி மூன்று வருஷம் ஆகியும் சீதா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி?

ஒரு செய்தி. நான் ஒரு சங்கத்தின் காரியதரிசி ஆகிவிட்டேன். கேட்டு வாங்கவில்லை. சென்ற மாதம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள சாக்கடையில், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுவின் உடல் கிடந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. ஊர் இரண்டு நாள் அதையே பேசியது. மூன்றாம் நாள் பெரிய மனிதர்கள் சிலர் வாசகசாலையில் கூடிச் சிசு ரட்சணைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நான் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கத்தான் அங்கே போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். ‘முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கிராணியாகச் சரக்குச் சீட்டு எழுதியவர், எழுத்து வேலைக்கு இவரே தகுந்தவர்’ என்றார் தலைவர் ராதாகிருஷ்ணன். மறுப்பதற்கு வார்த்தை தேடுவதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

‘சிசுவதை: காரணங்களும் தடுக்கும் வழிகளும்’ என்று நான் ஒரு கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும். ஏழு தலைப்புகளாகப் பிரித்திருக்கிறேன். தலைப்புகள் நன்றாக வந்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே எழுதத்தான் ஒன்றும் தெரியவில்லை. சங்கத்தில் பதினோரு பேர், எல்லாரும் ஐம்பது தாண்டிய ஆண்கள். அவர்களில் ஒருவராவது கைக்குழந்தையைத் தூக்கியிருப்பாரா என்பது சந்தேகம். எனக்கோ பிள்ளையே இல்லை. தாங்கள் நாலு பெண்களோடு பழகுகிறவர்கள். ஒரு குடும்பம் இப்படிப்பட்ட காரியத்தை ஏன் செய்கிறது என்பதைத் தெரிந்தவரை, முடிந்தால் வரிசை எண் போட்டு, எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

தங்கள் பாதம் பணியும்,
சபாபதி


கிள்ளான்,
29 மார்ச் 1931

தம்பி சபாபதிக்கு அக்காள் பவுனம்மாள் ஆசீர்வாதம். நான் இருக்கிறேன். மாடும் இருக்கிறது.

குடையைக் கொடுக்கப் போய்ப் பதவியோடு திரும்பியவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். கல்யாணத்தன்று தாலியை எடுத்துக் கொடுத்தபோது ‘யார், நானா?’ என்று கேட்டவன்தானே நீ.

வரிசை எண் போட எனக்குத் தெரியாது. ஏன் செய்கிறார்கள் என்றா கேட்கிறாய்? மறுநாளும் தெருவில் தலைகாட்ட வேண்டும், அதற்குத்தான். இதற்கு ஏழு தலைப்பு எதற்கு?

உன் கட்டுரைக்காக நானும் ஒன்று கேட்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள். அங்கே பிள்ளை வீட்டிலேயே பிறந்து, பிறந்தவுடன் மூச்சு நின்றுவிட்டால், அதைச் சர்க்காரிடம் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் யாராவது வந்து பார்ப்பார்களா? விசாரித்து எழுது. கார்டில் எழுதாதே, உறையில் போட்டு ஒட்டி அனுப்பு. எங்கள் தபால்காரன் எல்லாக் கார்டையும் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறான். முன்னே ஒரு கார்டில் உன் முழங்காலைப் பற்றி எழுதியிருந்தாய். வாசலில் நின்று தைலம் சிபாரிசு செய்கிறான்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
12 ஏப்ரல் 1931

அக்கா அவர்களுக்கு வணக்கத்துடன் சபாபதி. தங்களுடைய நலமும் மாட்டின் நலமும் அறிந்து சந்தோஷம். சீதாவைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. அடுத்த கடிதத்தில் சேர்க்கவும். தைலத்தின் பெயரையும் கேட்டு எழுதவும்.

தங்கள் கேள்வி மிக உயர்ந்த கேள்வி. எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கத் தீர்மானித்துப் போனேன். உள்ளே நுழையத் தயக்கமாக இருந்ததால் வாசலைத் தாண்டி நடந்துவிட்டுத் திரும்பினேன். இப்படி நாலாவது தடவை போகும்போது அங்கே எழுத்து வேலை பார்க்கும் மாரிஸ் என்பவர் வெளியே வந்தார்.

‘என்ன பெரியவரே, போறீங்க வர்றீங்க. எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?’

‘இல்லைங்க. ஒரு குழந்தை விஷயமா...’

‘குழந்தையத் தொலைச்சிட்டீங்களா?’

‘இல்லை, அது இன்னும் பிறக்கவே இல்லை.’

‘யாருக்குப் பிறக்கப்போகுது?’

‘யாருக்கும் இல்லைங்க. கட்டுரைக்கு.’

என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இல்லாவிட்டாலும் பதியத்தான் வேண்டுமாம். ‘ஆனா ஒன்னு பெரியவரே. வயித்துல இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாத பிள்ளைய நாங்க எங்கன்னு போய்த் தேடுறது? வந்து சொல்ல ஒரு ஆள் வேணும்லா’ என்றார். இதை அப்படியே நாலாம் தலைப்பின்கீழ் எழுதிக்கொண்டேன். இதுவரை அந்தக் கட்டுரையில் உள்ள நல்ல வாக்கியம் இது ஒன்றுதான். தங்களால் கிடைத்தது. இதைப்போல் இன்னும் கேள்விகள் இருந்தால் தயங்காமல் எழுதவும்.

சபாபதி


கிள்ளான்,
10 மே 1931

தம்பிக்கு ஆசீர்வாதம். விசாரித்து எழுதியதற்குச் சந்தோஷம். இனி கேள்வி ஒன்றும் இல்லை.

சீதாவுக்கு உடம்பு சரியில்லை. காற்றுப் பட்டிருக்கிறது. வெளியே வருவதில்லை. நீ ஆஸ்பத்திரி டிரஸ்ஸரையெல்லாம் கேட்க வேண்டாம். மருத்துவச்சி மாரியாயியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு நீ வர வேண்டாம். வீட்டில் ஒழுகுகிறது. ஆவணியிலும் வர வேண்டாம். புரட்டாசியில் வா.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
24 மே 1931

அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பி சபாபதி. என் உடம்பைப் பற்றி எழுத விசேஷமில்லை. தங்கள் கடிதத்தைப் படித்தது முதல் மனம்தான் சரியில்லை. இருபத்தோரு வருஷமாக ஆடிக்கு வருகிறேன். போன வருஷம் ஊறுகாய் ஜாடியை உடைத்தது என் தவறுதான். அதற்காகத்தான் இது என்றால் சொல்லிவிடவும். கூரை ஒழுகுகிறது என்றால் நான் குடையோடு வருகிறேன். இப்போது எனக்குச் சொந்தக் குடையே இருக்கிறது.

கட்டுரையைப் போன ஞாயிற்றுக்கிழமை படித்தேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மூன்றாம் தலைப்பில் இருவர் தூங்கினார்கள். ஐந்தாம் தலைப்பில் தலைவரே தூங்கினார். நான் குரலை உயர்த்தவில்லை. தூங்குகிறவர்களை எழுப்புவது மரியாதையில்லை. படித்து முடித்ததும், வாசகசாலையைக் கூட்டித் துடைக்கும் வள்ளியம்மா வாசலில் நின்றபடியே பேசினாள்.

‘ஐயா, ஏழு காரணம் படிச்சீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஒன்னு கேக்குறேன். ஒரு வீட்டுல பிள்ளை வரப்போகுதுன்னு தெருவே கூடி வளையல் போட்டு, சோறு தின்னுட்டுப் போயிடுச்சுன்னா, அந்தப் பிள்ளைய யாரால காணாமப் பண்ண முடியும்? மறுநாளே பத்து பேரு வந்து எங்க பிள்ளைன்னு கேப்பாங்கள்ல?’

‘பெண்கள் பேச நிகழ்ச்சி நிரலில் இடமில்லை’ என்றார் தலைவர். அப்போதுதான் விழித்திருந்தார். நான் அவள் பேச்சைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடச் சொன்னார். அடித்தேன். ஆனால் படிக்கும்படியாக மெல்லிய கோடாக அடித்தேன்.

சீதாவுக்கு என்னென்ன செய்கிறது, எப்போது தொடங்கியது என்று வரிசையாக எழுதவும். காற்றுப் பட்டு இரண்டு மாதம் ஆகுமா?

சபாபதி


கிள்ளான்,
14 ஜூன் 1931

சித்தப்பா அவர்களுக்குச் சீதாலெட்சுமி நமஸ்காரம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பால் வாங்க வரும் இராஜம்மா அக்காளிடம் கொடுத்தால் அவர் தபாலில் போடுவார். பதில் எழுத வேண்டாம்.

எனக்குக் காற்றுப் படவில்லை. ஏழாம் மாதம். இதற்குக் காரணமானவர் ஜெஞ்சாரோம் பக்கம் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்ன வாரமே கப்பலேறிப் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜன்னலில் அத்தை தகரம் அடித்துவிட்டார்கள். அத்தை என்னை அடிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. தான் சாப்பிடுமுன் எனக்கு முட்டை அவித்துக் கொடுக்கிறார்கள். போன வாரம் மாரியாயி வந்திருந்தாள். பிள்ளைக்குத் துணி எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ‘துணி எதுக்கு இப்ப?’ என்றார்கள் அத்தை. பிறகு மாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

நீங்கள் சங்கத்துக் காரியதரிசி என்று அத்தை சொல்லிச் சிரிப்பார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சங்கத்தில் சேர விண்ணப்பம் ஏதாவது உண்டா? பிறக்காத பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா? இந்தப் பிள்ளை அழுவதை என்னையும் அத்தையையும் தவிர வெளியே ஒருவராவது கேட்க வேண்டும், சித்தப்பா. அது போதும்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
21 ஜூன் 1931

அக்கா அவர்களுக்கு வணக்கம். நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒரு மரத் தொட்டில் சரக்கு ரயிலில் அனுப்பியிருக்கிறேன். புதன்கிழமை கிள்ளான் வந்து சேரும். நல்ல தேக்கு.

வேறு விசேஷமில்லை.

சபாபதி


கிள்ளான்,
5 ஜூலை 1931

சபாபதிக்கு.

ஆசீர்வாதம் இந்தத் தடவை இல்லை. நான் சுகமாக இருக்கிறேனா என்று நீ கேட்கவும் வேண்டாம்.

என்ன காரியம் செய்தாய்? புதன்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷன் ஆள் வந்து ‘சரக்கு வந்திருக்கு’ என்றான். போனேன். பிளாட்பாரத்தின் நடுவில் மரப்பெட்டி. அதில் நாலு பக்கமும் வெள்ளைப் பெயிண்டில், ஒரு முழ எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறாய்: ‘தொட்டில் ஒன்று. பெறுபவர் திருமதி சீதாலெட்சுமி, கிள்ளான். குறிப்பு: இவருக்கு ஆவணி மாதம் பிறக்கவிருக்கும் குழந்தைக்காக. கவனமாகக் கையாளவும்.’ ஸ்டேஷனில் அன்று பந்திங் போகிற கூட்டம். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

யாருக்கும் தெரியாமல் உடைத்து அடுப்பில் வைத்துவிடலாம் என்று, பெட்டியைக் கொடு என்றேன். சரக்கு கிராணி கார்த்திகேசு மாட்டேன் என்றுவிட்டான்.

‘சட்டம் அம்மா. யார் பேர் இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணும். சபாபதி சார்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் நான்.’

‘அவளுக்கு உடம்பு சரியில்லை.’

‘தெரியுதே அம்மா. நாலு பக்கமும் எழுதியிருக்கே.’

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டி மூன்று நாள் பிளாட்பாரத்தில் இருந்தது. பாசார் சந்தைக்குப் போகிற பெண்கள் அதைச் சுற்றி நின்று நாள் எண்ணினார்களாம். சனிக்கிழமை கார்த்திகேசு, ‘கர்ப்பிணிப் பொம்பளைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்றது பாவம்’ என்று பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, சரக்குப் புத்தகத்தையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். வண்டிக்குப் பின்னால் அரைத் தெரு. அவன் மனைவி கையில் சீதாவுக்குப் போட வளையல். நான் வாசலை மறைத்து நின்றேன். சீதா பின்னாலிருந்து நடந்து வந்து, என்னைக் கேட்காமல், கையெழுத்துப் போட்டாள். எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள்.

‘எத்தனை மாசம் அத்தை?’ என்று கார்த்திகேசு மனைவி என்னைத்தான் கேட்டாள்.

‘ஏழு’ என்றேன். என் வாய் சொல்லிவிட்டது.

படிவத்தில் காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் உன்னால் சும்மா இருக்க முடியாதே. அது உன் வியாதி. அந்த வியாதியால் என் மகன் பேரைச் சந்தியில் நிறுத்திவிட்டாய்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
12 ஜூலை 1931

அக்கா அவர்களுக்குச் சபாபதி காலில் விழுந்து எழுதுவது. தாங்கள் வேண்டாம் என்றாலும் தங்கள் நலத்தைக் கேட்கிறேன்.

தங்கள் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். சரக்குச் சீட்டில் குறிப்பு என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் நானும் அதை ஆயிரக்கணக்கான தடவை காலியாக விட்டிருக்கிறேன். கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படியே ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன். கிழித்துவிட்டேன்.

அந்தக் கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரம்பான் வண்டி வந்தது, நின்றது, போயிற்று. பிறகு எழுதினேன். பெறுபவர் என்ற இடத்தில் தங்கள் பெயரை எழுதாமல் சீதாவின் பெயரை எழுதியதும் தெரிந்தேதான். பெயிண்ட் அடித்ததும் நானே. நாலாவது பக்கம் அடிக்கும்போது இருட்டிவிட்டதால் அந்தப் பக்கத்தில் எழுத்து சரியாக இருந்திராது.

யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். தாங்கள் மார்ச் மாதத்தில் கேட்ட கேள்வியை நான் ஒரு மாதமாக ஊர் முழுக்கப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தங்கள் வாசலில் வந்து நின்று ‘அக்கா, அது வேண்டாம்’ என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சிறு வயதிலிருந்தே தங்களிடம் நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. படிவம் நிரப்ப மட்டும்தான் தெரியும்.

விஜயன் பெயரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் என் கையில் வளர்ந்தவன். அவன் இருந்தால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது சரிதானா என்பதும் தெரியவில்லை. ஆனால் திரும்பவும் எழுதச் சொன்னால் அதையேதான் எழுதுவேன்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்,
23 ஆகஸ்ட் 1931

அக்கா அவர்களுக்குச் சபாபதியின் வணக்கம். ஆறு வாரமாகத் தங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

சங்கம் கலைந்துவிட்டது. புகைப்படம் எடுக்கும்போது தலைவருக்கு வலப்பக்கம் யார் உட்காருவது என்பதில் தகராறு. குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. வள்ளியம்மா சொன்னதை மறுபடியும் தெளிவாக எழுதிவைத்தேன். இனி அடிக்கச் சொல்ல யாரும் இல்லை.

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. கெட்ட செய்தியாக இருந்தாலும் கார்டில் எழுதினால் போதும்.

சபாபதி


கிள்ளான்,
2 செப்டம்பர் 1931

தம்பி சபாபதிக்கு அக்காள் பவுனம்மாள் எழுதுவது. நான் சுகம். சீதா சுகம். மாடு சுகம். பெண் குழந்தை, சுகம். தனித்தனியாக எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிறந்தாள். மாரியாயியைத் தவிர எட்டுப் பெண்கள் வீட்டுக்குள். வேண்டாம் என்று ஒருத்தியிடம் சொன்னால் இன்னொருத்தி பின்கட்டு வழியாக வருகிறாள். கார்த்திகேசு மனைவி அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இராஜம்மா நேரம் பார்க்க ஸ்டேஷன் கடிகாரத்துக்கே ஆள் அனுப்பினாள். மாரியாயிக்குக் கையை நீட்ட இடமில்லை. ‘கொஞ்சம் நகருங்கடி, பிள்ளை வர்றதுக்காச்சும் வழி விடுங்க’ என்று கத்தினாள்.

முன்பு மாரியாயியிடம் ஒன்று சொல்லியிருந்தேன். வளையல்காரிகள் வந்துபோன மறுநாளே போய் அதை மாற்றிச் சொன்னேன். என்ன சொல்லியிருந்தேன் என்று கேட்காதே.

எல்லாரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. என் கொழுந்தன் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி என் மாட்டுப்பாலை வேண்டாம் என்றுவிட்டாள். கோயிலில் எனக்கு முன்னால் நிற்கிறவள் தள்ளி நிற்கிறாள். நான் பயந்ததெல்லாம் நடந்தது. நடந்த பிறகு அடுப்பு எரிகிறது, மாடு கறக்கிறது.

குழந்தை ஓயாமல் அழுகிறது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். உன் ஏழு தலைப்பில் இதை நிறுத்த ஏதாவது வழி உண்டா? பதினாறாம் நாள் பெயர் வைக்கிறோம். வா. ஜாடியைத் தொடாதே.

பவுனம்மாள்


கிள்ளான்,
18 அக்டோபர் 1931

தம்பி சபாபதிக்கு அக்காளின் ஆசீர்வாதம். முழங்கால் எப்படி?

நீ இங்கே நாலு நாள் இருந்தாய். தொட்டிலின் கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாய். குழந்தையைக் கொடுத்தால் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அது அசைந்தால் ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டாய். ஆனால் என்னிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஸ்டேஷன்வரை வந்தேன். வண்டி புறப்பட்டுவிட்டது.

மாரியாயியிடம் நான் முதலில் சொன்னது உனக்குத் தெரியும். சீதாவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் குழந்தையை என்னிடம்தான் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். முதல் வாரம் அவள் கதவைத் திறந்துவைத்துக் குளித்தாள். இப்போது சாத்திக்கொண்டு குளிக்கிறாள்.

நேற்றுக் காலை குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். முதல் சிரிப்பு. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் என்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பவுனம்மாள்